ஐந்து வாட் ஆம்ப்

1930களின் தொடக்கத்தில் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் கிதார் வாசித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும்போது, விரல் தேய மீட்டினாலும் கிதாரின் ஒலி முன்வரிசையைத் தாண்டாது. லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் பீச்சம் என்ற இசைக்கலைஞரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற பட்டறை முதலாளியும் சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். கம்பியின் அதிர்வைக் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் மின்னலையாக மாற்றும் கிதாரை 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அலுமினியத்தில் வார்த்த அந்தக் கிதார் தனியாக மீட்டினால் ஏறக்குறைய ஊமை. ஆம்ப்ளிஃபையரோடு சேர்ந்தால்தான் அது வாத்தியம்.

அது மடியில் கிடத்தி, உலோகத் துண்டைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய் கிதார். அந்நாளில் ஹவாய் இசைமீது அமெரிக்காவெங்கும் மோகம். கிளீவ்லாந்தில் இருந்த ஓவாஹூ நிறுவனம் பாடநூல்களையும் கிதார்களையும், பின்னர் ஆம்ப்களையும் பயிற்சிப் பள்ளிகள் வழியாக மாணவர்களுக்கு விற்றது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பழகுகிறவர்களுக்கென்று மலிவான ஆம்ப் செய்யும் தொழில், ராக் இசை பிறப்பதற்கு வெகு முன்பே இப்படித் தொடங்கிவிட்டது.

சிறு குழுவில் ஆம்ப் என்ன செய்யும் என்பதை உலகுக்குக் காட்டியவர் சார்லி கிறிஸ்டியன். ஓக்லஹோமாவில் வளர்ந்த இந்தக் கறுப்பின இளைஞரை 1939 ஆகஸ்டில், பெவர்லி ஹில்ஸ் உணவகம் ஒன்றில் இசைக்குழுத் தலைவர் பென்னி குட்மனின் மேடையில், குட்மனுக்கே சொல்லாமல் ஏற்றிவிட்டார் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட். ‘ரோஸ் ரூம்’ என்ற ஒரே பாட்டு முக்கால் மணி நேரத்தை நெருங்கியது. கிறிஸ்டியனுக்கு வேலையும் உறுதியாயிற்று. அவர் கையில் இருந்தது கிப்ஸன் இஎஸ்-150. அதோடு வந்த இஎச்-150 ஆம்ப் சுமார் 15 வாட்தான். கிதார், ஆம்ப், இணைக்கும் ஒயர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 150 டாலர்; மாடல் எண்ணே விலையைச் சொன்னது. பியானோ, டிரம்ஸ், கிளாரினெட், வைப்ரஃபோன் நடுவே ஒற்றைச் சுரமாக அவர் வாசித்த ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது.

ஆனால் 150 டாலர் அன்று எளிய வீட்டுக்கு எட்டாத தொகை. மலிவை ஒரு கலையாகவே ஆக்கியவர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. செய்த ஆம்பை உள்ளூர் இசைக்கலைஞர்களிடம் கொடுத்தனுப்புவார். அவர்கள் சொல்லும் குறையைக் கேட்டுத் திருத்துவார். 1948இல் மாணவர்களுக்காக ‘சாம்பியன்’ என்ற சிறு ஆம்பைக் கொண்டுவந்தார். 1950களின் நடுவில் அது ‘சாம்ப்’ ஆனது.

சாம்பின் உட்புறம் வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. மூன்றே வால்வுகள், அதாவது வெற்றிடக் குழாய்கள். சிறு வால்வு கிதாரிலிருந்து வரும் மெல்லிய மின்னலையை வளர்க்கும். 6வி6 என்ற வால்வு, ஸ்பீக்கரைத் தள்ளும் வலுவை அதற்குக் கொடுக்கும். மூன்றாவது, ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கும். எட்டு அங்குல ஸ்பீக்கர். 1950களின் சாம்பில் திருகுவதற்கு ஒரே ஒரு குமிழ், ஒலியின் அளவுக்கு மட்டும். கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஐந்து வாட். குமிழைப் பாதிக்கு மேல் திருகினால் 6வி6 வால்வால் அலையின் உச்சியை முழுதாகத் தர முடியாது. உச்சி மழுங்கும், மழுங்கும்போது புதிய மேல்சுரங்கள் சேரும். மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் கரகரப்பு. விரலின் அழுத்தத்துக்கு இப்படி உடனுக்குடன் பதில் சொல்வதுதான் சிறிய வால்வு ஆம்பின் உயிர். 1982 வரை இந்த மாடல் விற்பனையில் இருந்தது.

சிகாகோவின் மாக்ஸ்வெல் தெருச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு வரலாறு நடந்தது. தென் மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த ப்ளூஸ் கலைஞர்கள் நடைபாதையில் ஆம்பை வைத்து, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காசு கொடுத்து, ஜன்னல் வழியே ஒயர் இழுத்து வாசித்தார்கள். சந்தை இரைச்சலில் கேட்க வேண்டுமானால் சின்ன ஆம்பை முழுச் சத்தத்தில் வைத்தே ஆக வேண்டும். மின்சார ப்ளூஸின் கரகரத்த குரலுக்கு, கையில் காசில்லாத இந்த நிலையும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் சிற்றூர்களுக்கு ஆம்பைக் கொண்டுசேர்த்தவை அஞ்சல்வழி விற்பனை நிறுவனங்கள். சியர்ஸ் நிறுவனத்தின் ‘சில்வர்டோன்’ பெயரில் நியூஜெர்சியின் நாதன் டேனியல் தன் டேன்எலெக்ட்ரோ தொழிற்சாலையில் செய்துகொடுத்த 1448 மாடல், 1962இல் 67 டாலர் 95 சென்ட். அட்டைபோல் அழுத்திய மரத்தூள் பலகையில் கிதார். கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப், உதட்டுச்சாயக் குழாய்க்குள் அடக்கியது. கிதார் வைக்கும் பெட்டிக்குள்ளேயே மூன்று வாட் ஆம்பும் ஸ்பீக்கரும். பெட்டியைத் திறந்து நிறுத்தி ஒயரைச் செருகினால் வாசிக்கலாம். பின்னாளில் பேர் பெற்ற எத்தனையோ அமெரிக்கக் கலைஞர்களின் முதல் கிதார் சில்வர்டோன்தான். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் முழு வாத்தியம் கிடைக்க வேண்டும் என்று இவ்வளவு அக்கறையோடு செய்த பொருள் இந்தத் துறையில் அரிது.

மலிவுக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அக்காலத்தின் அடிமட்ட விலை ஆம்ப்கள் சிலவற்றில், மின்சாரத்தைப் பிரித்துக் காக்கும் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வால்வுகளை வரிசையாக இணைத்து நேரே சுவர் மின்சாரத்தில் ஓட்டினார்கள். பிளக்கைத் திருப்பிச் செருகினால் ஆம்பின் உலோகச் சட்டத்திலும் கிதார் கம்பியிலும் மின்சாரம் பாயலாம். ஒரு கை கம்பியில் இருக்க, மறு கை மைக்கைத் தொட்டால் உயிரே போகலாம். பழைய பொருள் என்ற ஆசையில் இன்றும் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தாமல் ஒருவரும் இவற்றைத் தொடக்கூடாது.

1964இல் லண்டனில் 17 வயது டேவ் டேவிஸ், எல்பிகோ என்ற சின்னப் பச்சை ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்தார். கிழிந்த ஸ்பீக்கர் உறுமியது. அதைப் பெரிய வாக்ஸ் ஆம்பில் இணைத்து, தன் அண்ணனோடு நடத்திய கிங்க்ஸ் குழுவின் ‘யூ ரியலி காட் மீ’ பாட்டில் வாசித்தார். அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

அதன்பின் வந்தது சத்தத்தின் காலம். லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ‘த ஹூ’ குழுவினர் கேட்டதற்கிணங்க 1965இல் 100 வாட் ஆம்ப் செய்தார். ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள் மேடையில் அடுக்கப்பட்டன. கடைக்கு வரும் பள்ளிப் பையனும் ‘எத்தனை வாட்?’ என்று கேட்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். ஆனால் காதின் கணக்கு வேறு. காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற, ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். 50 வாட் ஆம்ப், 5 வாட் ஆம்பைவிட இருமடங்கு சத்தம்தான். 100 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் மூன்று டெசிபல். நல்ல ஸ்பீக்கரை மாற்றிப் பொருத்தினாலே அந்த மூன்று டெசிபல் கிடைத்துவிடும்.

மேடையில் சுவர்போல் ஆம்ப்களை அடுக்கிய அதே தலைமுறை, ஒலிப்பதிவுக் கூடத்தில் சின்ன ஆம்பைத்தான் நாடியது. ஜிம்மி பேஜ், லெட் ஸெப்பலின் முதல் ஆல்பத்தை சூப்ரோ என்ற மலிவு ஆம்பில் வாசித்தார். எரிக் கிளாப்டன் 1970இல் மயாமியில் ‘லைலா’ ஆல்பத்துக்கு வைத்துக்கொண்டது ஃபெண்டர் சாம்ப். மைக்கை அருகில் வைத்துவிட்டால், ஐந்து வாட் ஆம்பின் முழு மூச்சும் பிரம்மாண்டமாகவே பதிவாகும்.

டிரான்ஸிஸ்டர் வந்ததும் விலை இன்னும் இறங்கியது. முதலில் வந்தவை கேட்கவும் கடூரம், அடிக்கடி பழுது. மிசிசிப்பியில் 1965இல் தொடங்கிய ஹார்ட்லி பீவியின் நிறுவனம், அடி தாங்கும் டிரான்ஸிஸ்டர் ஆம்ப்களை நடுத்தர விலையில் தந்து அந்தக் கெட்ட பேரைப் பெருமளவு போக்கியது. 1973இல் வந்த ‘பிக்நோஸ்’ ஆறு சிறு பேட்டரியில் ஓடும் ஐந்து வாட் ஆம்ப்; முன்பக்கக் குமிழ் பன்றி மூக்குபோல் இருக்கும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் எட்லண்ட் பின்னர் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் காட்சி நுட்பத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். பாஸ்டன் என்ற ராக் குழுவின் டாம் ஷோல்ஸ், எம்ஐடியில் பொறியியல் படித்தவர். 1982இல் ‘ராக்மேன்’ என்ற ஹெட்ஃபோன் ஆம்பைக் கொண்டுவந்தார். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காமல் கிதார் பழகுவது அதன்பின் சாதாரணமாயிற்று.

வீட்டுப் பயிற்சியின் இன்னொரு சிக்கலை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1933லேயே ஆய்வில் காட்டியிருந்தார்கள்: சத்தம் குறையக் குறைய, அடிச்சுரங்கள் காதுக்குப் பெரிதும் மங்கிவிடும். மேடையில் நிறைவாகக் கேட்ட ஒலி படுக்கையறையில் சோகையாகக் கேட்பது இதனால்தான். 1990களின் இறுதியில் லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’ போன்ற கருவிகள் பழைய வால்வு ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டல் கணக்காக மாற்றின. 2011இல் யமஹா கொண்டுவந்த டிஎச்ஆர் வரிசை, குறைந்த சத்தத்தில் நிறைவாகக் கேட்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டது. மேடைக்கு ஒன்று, ஒத்திகைக்கு ஒன்று இருக்க, வீட்டுக்கான மூன்றாவது ஆம்ப் என்றே அந்த நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியது.

இன்று வாங்கப் போகிறவருக்கு இந்த வரலாறு நேரடியாகப் பயன்படும். வீட்டுக்கு ஐந்து வாட்டே அதிகம். அடுக்குமாடியில் ஹெட்ஃபோன் துளை உள்ள சிறு டிஜிட்டல் ஆம்ப்தான் நிம்மதி. டிரம்ஸ் இல்லாமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிக்க எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள சிறிய ஆம்ப் போதும். டிரம்ஸ் இருந்தால் வால்வில் 15 முதல் 20 வாட், டிரான்ஸிஸ்டரில் 30 முதல் 50 வாட், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் என்று பார்ப்பது நல்லது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்ததா என்று பின்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும். கடைக்குப் போகும்போது உங்கள் கிதாரையே எடுத்துச் செல்லுங்கள். இரவு பத்து மணிக்கு வீட்டில் எந்த அளவில் வாசிப்பீர்களோ, அந்த அளவில் வைத்து ஒவ்வொரு ஆம்பையும் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.