இலகுரக ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான மாற்று டயர்

இலகுரக ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான மாற்று டயர் என்பது, ஏறத்தாழ 700 முதல் 1,100 கிலோகிராம் வரை எடையுள்ள விளையாட்டு வகைக் கார்களில், தேய்ந்த அல்லது பழமையடைந்த டயர்களுக்குப் பதிலாகப் பொருத்தப்படும் டயரைக் குறிக்கும். 1989இல் அறிமுகமான மாசுடா எம்.எக்ஸ்-5, 1996 முதல் 2021 வரை தயாரிக்கப்பட்ட லோட்டஸ் எலிஸ் ஆகியவை இவ்வகைக் கார்களுக்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். இந்தியாவில் 1990களின் இறுதியில் கோவாவில் தயாரிக்கப்பட்ட சான் ஸ்டார்ம் என்னும் கண்ணாடி இழை உடல் கொண்ட இருவர் காரும் இவ்வகையைச் சேர்ந்ததே.

குடும்பக் காருக்கு டயர் வாங்குவோர் பெரும்பாலும் விலையையும் உழைப்பையும் மட்டுமே பார்ப்பர். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் இதற்கு மாறாக, கிடைப்பதில் மிக அகலமானதைத் தேடுவர். எடை குறைந்த காருக்கு இவ்விரண்டு அணுகுமுறைகளும் பொருந்துவதில்லை.

எடையும் டயரும்

டயர் தரையைத் தொடும் பகுதி தடம் எனப்படும். தடத்தின் பரப்பளவு பெரும்பாலும் டயர் சுமக்கும் எடையையும் உள்ளிருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது; அகலத்தை மட்டும் கூட்டினால் பரப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை. மாறாகத் தடத்தின் வடிவம் மாறுகிறது. நீண்டு ஒடுங்கியிருந்த தடம் குறுகி அகன்றதாக ஆகிறது. திருப்பங்களில் இது ஓரளவு நன்மை தரும். நேர்ச்சாலையிலும் ஈரத்திலும் அந்நன்மை குறைந்துவிடுகிறது.

இரண்டாவது காரணி வெப்பம். பந்தயத் தடத்துக்கென உருவாக்கப்படும் மென்மையான ரப்பர் கலவைகள் குறிப்பிட்ட சூட்டை எட்டிய பின்னரே முழுப் பிடிப்பைத் தருகின்றன. எடை குறைந்த கார் சாதாரணச் சாலையில் ஓடும்போது டயரை அந்தச் சூட்டுக்குக் கொண்டு செல்வது அரிது. எனவே விலை மிகுந்த பந்தய வகை டயர் அன்றாடப் பயன்பாட்டில் நடுத்தர விலை டயரைவிடக் குறைந்த பிடிப்பைத் தரக்கூடும்.

மூன்றாவதாக, டயரின் சொந்த எடை. அது வில்லுக்குக் கீழே தொங்கும் எடை. அத்துடன் சுழலும் எடையும் ஆகும். 1,600 கிலோகிராம் காரில் உணரப்படாத ஒரு கிலோகிராம் வேறுபாடு, 800 கிலோகிராம் காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்குத் தெரியும்.

அளவுக் குறியீடு

டயரின் பக்கச்சுவரில் 185/60 ஆர் 14 82 எச் என்று பொறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் விழுக்காடாக. ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 82 என்பது சுமைக் குறியீடு. இது ஒரு டயருக்கு 475 கிலோகிராம் எனப் பொருள்படும். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரையிலான வேகத் தகுதி. நான்கு டயர்களும் சேர்ந்து 1,900 கிலோகிராம் தாங்குவதால், ஒரு டன் எடையுள்ள காருக்கு இதைவிட உயர்ந்த சுமைக் குறியீட்டைத் தேடத் தேவையில்லை. அதிகச் சுமைக்கென வலுவூட்டப்பட்ட டயர்களின் பக்கச்சுவர் விறைப்பானது. இலேசான காரை அது குழிகளில் துள்ளவிடும்.

ரேடியல் அமைப்பில் உள்ளிருக்கும் துணியின் இழைகள் ஓடும் திசைக்குச் செங்குத்தாக அமைகின்றன. சென்னையை அடுத்த மணலியில் நெய்யப்படும் டயர்த் துணியைக் காஞ்சிபுரத்து நெசவாளர் கண்டால் வியப்படைவார். பாவு முழுவதும் முறுக்கேறிய தடித்த நூல். ஊடையோ பாவைக் கலையாமல் பிடித்துவைக்க மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடும் மெல்லிய நூல். சுமை அனைத்தும் பாவின் மீதே.

மாற்று அளவுகள்

மூல அளவு கிடைக்காதபோது வேறு அளவைத் தேர்வதுண்டு. அப்போது மொத்த விட்டம் மாறாமலிருக்க வேண்டும். முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 காரின் மூல அளவான 185/60 ஆர் 14 டயரின் விட்டம் 577.6 மிமீ. 15 அங்குல ரிம்முக்கு மாறி 195/50 ஆர் 15 பொருத்தினால் விட்டம் 576 மிமீ. வேறுபாடு வெறும் 1.6 மிமீ. அடுத்த தலைமுறையில் மாசுடா நிறுவனமே இவ்வளவையும் பயன்படுத்தியது. ஆனால் கடையில் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக 185/65 ஆர் 14 பொருத்தினால் விட்டம் 596 மிமீ ஆகிவிடும். வேகமானி 100 காட்டும்போது கார் உண்மையில் ஏறத்தாழ 103 கிமீ வேகத்தில் ஓடும்; பற்சக்கர விகிதமும் நீண்டு முடுக்கம் மந்தமாகும்.

ரிம்மின் அகலமும் கவனிக்கத்தக்கது. 195/50 ஆர் 15 டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரை அகலமுள்ள ரிம்கள் ஏற்றவை.

எலிஸ் போன்ற கார்களில் முன்னும் பின்னும் வெவ்வேறு அளவுகள் உள்ளன. இரண்டாம் தலைமுறை எலிஸில் முன்பக்கம் 175/55 ஆர் 16, பின்பக்கம் 225/45 ஆர் 17. பொறி பின்புறம் அமைந்திருப்பதால் இவ்வேறுபாடு கார் சுழன்றுவிடாமல் காக்கும் ஏற்பாடாகும். தோற்றத்துக்காக முன் டயரை அகலப்படுத்துவது இந்தச் சமநிலையைக் குலைக்கும்.

மழையில் நடத்தை

சாலையில் தேங்கிய நீரை வெளியேற்ற முடியாமல் டயர் நீரின் மீது மிதப்பது நீர்ச்சறுக்கல் எனப்படும். அந்நிலையில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகின்றன. 1960களில் நாசாவின் வால்டர் ஹார்னும் அவருடன் பணியாற்றியோரும் விமான டயர்களை ஆய்ந்து, மிதப்பு தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது எனக் கண்டனர். சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தத்தில் இவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 94 கிமீ. எம்.எக்ஸ்-5 காருக்குப் பரிந்துரைக்கப்பட்ட 26 பவுண்டில் அது ஏறத்தாழ 85 கிமீ மட்டுமே. இக்கணக்கு நன்கு தேய்ந்த டயருக்குப் பொருந்துவது. ஆழமான வெட்டுகளுள்ள புதிய டயர் மேலும் தாங்கும். தடத்தின் வடிவத்தையும் சேர்த்துக்கொண்ட பிற்கால ஆய்வுகளின்படி, குறுகி அகன்ற தடம் இன்னும் விரைவில் மிதக்கிறது. இலேசான காரில் அகன்ற டயர் பொருத்தினால் கிடைப்பது இத்தகைய தடமே.

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்துக்கு மேற்கே அமைந்த தாமல் போன்ற ஊர்களின் வழியே வடகிழக்குப் பருவமழையில் செல்வோருக்கு 85 என்னும் எண் முக்கியமானது. அச்சாலையில் கார்கள் இயல்பாக ஓடும் வேகமே ஏறத்தாழ அதுதான்.

இந்திய மோட்டார் வாகன விதிகள் கார் டயர்களின் வெட்டு ஆழம் (பேச்சு வழக்கில் பட்டன்) குறைந்தது 1.6 மிமீ இருக்கவேண்டும் என்கின்றன. இது சட்டத்தின் எல்லை. இலேசான காருக்கு 3 மிமீ அளவிலேயே மாற்றிவிடுவது நல்லது.

டயரின் வயது

ஸ்போர்ட்ஸ் கார்கள் ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடுபவை. எனவே டயர் தேயும் முன்பே ரப்பர் இறுகிவிடுகிறது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்புக் காலத்தைக் குறிக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்கவும், எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் பத்து ஆண்டுகளில் மாற்றவும் மிச்செலின் போன்ற நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. வெயிலில் நிற்கும் காருக்கு அதற்கு முன்னரே மாற்றம் தேவைப்படும். பழைய கார் விற்பனைக்கு வரும்போது பட்டன் நிறைய உள்ளது என்று சொல்லப்பட்டால், முதலில் பார்க்கவேண்டியது இந்த எண்ணையே.

இந்தியச் சூழல்

காஞ்சிபுரம் மாவட்டமும் அதன் சுற்றுப்புறமும் நாட்டின் முக்கிய டயர் உற்பத்திப் பகுதிகளுள் ஒன்று. ஒரகடத்தில் அப்போலோ, திருப்பெரும்புதூர் அருகே ஜே.கே. டயர், 2020இல் தொடங்கப்பட்ட சியட் ஆலை, அருகிலுள்ள அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். என ஆலைகள் பல உள்ளன. எனினும் இச்சந்தையின் தேவை 165/80 ஆர் 14, 185/65 ஆர் 15, 195/55 ஆர் 16 போன்ற குடும்பக் கார் அளவுகளுக்கே. எலிஸின் 175/55 ஆர் 16 போன்ற அளவைக் கேட்டால் கடைக்காரர் மறுமுறை கேட்பார்.

இந்தியாவில் விற்கப்படும் கார் டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2020 சூனில் நடுவண் அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்ததும் அரிய அளவுகளை வரவழைப்பது மேலும் கடினமாயிற்று. பழைய இருப்பைப் பல ஆண்டுகள் கழித்து வாங்க நேரும் இடர் இதனால் உண்டு. அத்தகைய இருப்பைவிட, சரியான விட்டத்துக்குப் பொருந்தும் ரிம்மும் அண்மையில் தயாரான உள்நாட்டு டயரும் பாதுகாப்பான தேர்வு.

1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இச்சிக்கல் எழுவதில்லை. அங்கு நடைபெறும் தேசியத் தொடர்களில் எந்த நிறுவனத்தின் டயரைப் பொருத்துவது என்பதைத் தொடரின் விதியே முடிவு செய்கிறது. அனைவருக்கும் ஒரே டயர்.

பொருத்துதல்

நான்கு டயர்களையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக மாற்றுவது சிறந்தது. இரண்டை மட்டுமே மாற்ற இயலுமாயின் புதியவை பின் அச்சுக்குச் செல்லவேண்டும். காற்று நிரப்பும் இடங்களில் எல்லாக் கார்களுக்கும் 35 பவுண்டு நிரப்பும் வழக்கம் உண்டு. 26 பவுண்டுக்கு வடிவமைக்கப்பட்ட காரில் இவ்வழுத்தம் டயரின் நடுப்பகுதியை மட்டும் தேய்த்துவிடும், பிடிப்பும் குறையும். கதவோரத் தகட்டில் குறிக்கப்பட்டுள்ள அழுத்தத்தை, கார் ஓடத் தொடங்கும் முன் டயர் குளிர்ந்திருக்கையில் நிரப்பவேண்டும். புதிய டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து ஒட்டிய வழவழப்பு இருக்குமாதலால் முதல் சில நூறு கிலோமீட்டர்களை நிதானமாக ஓட்டவேண்டும்.