குடிநீர்க் குழாயில் பின்னோட்டம்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

குடிநீர்க் குழாயில் நீர் ஒரே திசையில், அதாவது பொதுக் குழாயிலிருந்து வீட்டை நோக்கியே ஓட வேண்டும். சில சூழ்நிலைகளில் இந்த ஓட்டம் திசை மாறுகிறது. வீட்டு வாளியிலோ, தொட்டியிலோ, கழிவுநீர் வாய்க்காலிலோ உள்ள நீர் குழாய்க்குள் திரும்பிச் செல்கிறது. இதுவே பின்னோட்டம் எனப்படும். சுத்திகரிப்பு நிலையத்தில் தூய்மையாக்கப்பட்ட நீர், வழியில் மீண்டும் மாசடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா, மஞ்சள்காமாலை ஆகிய நோய்கள் இவ்வழியில் பரவக்கூடும். வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் அல்லது டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருப்பின், இப்பக்கத்தை முழுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பின்னோட்டம் எவ்வாறு நிகழ்கிறது?

பின்னோட்டம் இரு வகைப்படும்.

1. உறிஞ்சல்: பொதுக் குழாயில் அழுத்தம் திடீரெனக் குறையும்போது, குழாய் தன்னுடன் இணைந்துள்ள இடங்களிலிருந்து நீரை உள்ளிழுக்கிறது. குழாய் உடைதல், தீயணைப்புக்காக அதிக நீர் எடுத்தல், விநியோகம் நிறுத்தப்படுதல், தெருவில் ஒருவர் மோட்டார் வைத்து உறிஞ்சுதல் ஆகியவை இதற்குக் காரணங்களாகும். விநியோகம் நின்றவுடன் குழாயைத் திறந்து, அதன் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில வேளைகளில் உள்ளிழுக்கும் விசையை உணரலாம். அந்நேரத்தில் குழாயுடன் இணைந்த ரப்பர் குழாயின் மறுமுனை சோப்பு நீர் நிறைந்த வாளியில் கிடந்தால், அந்நீரே உள்ளே செல்லும்.

2. எதிரழுத்தம்: வீட்டுப் பக்கத்தில் உள்ள அழுத்தம் பொதுக் குழாயின் அழுத்தத்தைவிட அதிகமானால், நீர் வெளியே தள்ளப்படுகிறது. 10 மீட்டர் உயரத்தில் உள்ள மேல்நிலைத் தொட்டி, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தத்தைத் தருகிறது. தெருக்குழாயில் அழுத்தம் அதற்குக் குறைவாக இருந்து, இரண்டும் ஒருவழி வால்வு இன்றி நேரடியாக இணைக்கப்பட்டிருந்தால், தொட்டி நீர் தெருவுக்குத் திரும்பும். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரின் குழாயைக் குடிநீர் இணைப்புடன் சேர்த்து வைத்துள்ள வீடுகளிலும் இதே நிலைதான்.

நம் ஊர்களில் இது ஏன் கூடுதல் கவனத்திற்குரியது?

நாள் முழுவதும் நீர் வரும் ஊர்களில் குழாய் எப்போதும் நிறைந்தும் அழுத்தத்துடனும் இருக்கும். விரிசல் இருந்தாலும் நீர் வெளியே கசியுமே தவிர, வெளிநீர் உள்ளே புகுவது அரிது. நம் ஊர்கள் பலவற்றில் குறிப்பிட்ட சில மணி நேரமோ, சில நாள்களுக்கு ஒருமுறையோதான் நீர் வழங்கப்படுகிறது. இடைப்பட்ட நேரத்தில் குழாய் காலியாகிறது. அதே மண்ணில் கழிவுநீர்க் குழாயோ, திறந்த சாக்கடையோ இருந்தால், அந்த நீர் பழுதான இணைப்புகள் வழியாக உள்ளே புகுகிறது.

கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட் நகரங்களில் இடைவிட்ட விநியோகப் பகுதிகளையும் 24 மணி நேர விநியோகப் பகுதிகளையும் ஒப்பிட்டு ஆய்வு செய்துள்ளனர். இடைவிட்டு நீர் வரும் பகுதிகளில் மலக்கிருமி மாசின் அடையாளம் கூடுதலாகக் காணப்பட்டது. விநியோகம் தொடங்கியவுடன் வரும் முதல் நீரில் இந்த மாசு குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது.

குளோரின் முழுப் பாதுகாப்பு அளிக்காதா? இந்திய தரநிலையின்படி, பயனாளியின் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். சிறிய மாசை இது கட்டுப்படுத்தும். ஆனால் கழிவுநீர் கணிசமாகப் புகுந்தால், அதிலுள்ள கரிமப் பொருள்கள் இந்தக் குளோரினை விரைவில் தீர்த்துவிடும்.

இரு நிகழ்வுகள் தரும் பாடம்

1969-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹோலி கிராஸ் கல்லூரியின் கால்பந்து அணியில், வீரர்களும் பயிற்சியாளர்களுமாக ஏறத்தாழ 90 பேருக்குக் கல்லீரல் அழற்சித் தொற்று ஏற்பட்டது. அவ்வாண்டின் போட்டிகள் பாதியிலேயே கைவிடப்பட்டன. நகரில் ஏற்பட்ட தீயை அணைக்க நீர் எடுத்தபோது குழாயின் அழுத்தம் குறைந்தது. அதனால், மைதானத்தில் தரைமட்டத்திற்குக் கீழே இருந்த பாசனக் குழாய்க் குழிகளில் தேங்கிய மாசு நீர், வீரர்கள் குடிக்கும் குழாய்க்குள் இழுக்கப்பட்டது என்று ஆய்வில் தெரிய வந்தது.

2007 நவம்பரில், பின்லாந்தின் நோக்கியா நகரில், கழிவுநீர் நிலையத்தில் குடிநீர்க் குழாயையும் சுத்திகரித்த கழிவுநீர்க் குழாயையும் இணைத்திருந்த ஒரு வால்வு திறந்துவிடப்பட்டது. கழிவுநீர் நகரின் குடிநீரில் கலந்து, 8,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இணைப்பே இல்லாதிருந்தால், வால்வைத் தவறுதலாகத் திறந்திருந்தாலும் இந்நிலை ஏற்பட்டிருக்காது. குடிநீரும் பிற நீரும் எங்கும் நேரடியாக இணையக்கூடாது என்பதே இவ்விரு நிகழ்வுகளும் தரும் பாடமாகும்.

வீட்டில் செய்ய வேண்டிய தடுப்பு முறைகள்

காற்று இடைவெளி விடுங்கள். இதுவே எளிய, செலவற்ற, மிக நம்பகமான முறையாகும். குழாயின் வாய்க்கும் பாத்திரத்தின் விளிம்புக்கும் இடையே, குழாய் விட்டத்தைப் போல் இருமடங்கு இடைவெளி வேண்டும். எவ்வகையிலும் ஓர் அங்குலத்திற்குக் குறையக்கூடாது. அரை அங்குலக் குழாய்க்கு ஓர் அங்குலமும், ஓர் அங்குலக் குழாய்க்கு இரண்டு அங்குலமும் போதும். இந்த அளவை நீர்மட்டத்திலிருந்து அன்றி, நீர் வழிந்தோடும் விளிம்பிலிருந்தே கணக்கிட வேண்டும்.

கீழ்நிலைத் தொட்டியைச் சரிபாருங்கள். பொதுக் குழாயின் நீர், தொட்டியின் மேற்பகுதியில் வெளிப்படையாக விழ வேண்டும். சத்தம் வராதிருப்பதற்காக குழாயைத் தொட்டியின் அடிவரை நீட்டுவது தவறு. தொட்டியின் மூடி தரைமட்டத்திற்கு மேலே இருத்தல் வேண்டும். மழைநீர் உள்ளே வழியக்கூடாது.

பொதுக் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தாதீர்கள். உங்கள் மோட்டார் உறிஞ்சும்போது தெருக்குழாயில் அழுத்தம் குறைந்து, சாக்கடை நீர் விரிசல் வழியே உள்ளே வருகிறது. அந்நீர் அண்டை வீட்டுக் குழந்தையின் பால் புட்டிக்கும், உங்கள் வீட்டுச் சமையலறைக்கும் ஒருசேரச் செல்கிறது. இச்செயல் உள்ளாட்சி விதிகளின்படி தடைசெய்யப்பட்டதாகும். மோட்டார் பறிமுதல் செய்யப்படலாம், இணைப்பும் துண்டிக்கப்படலாம். கீழ்நிலைத் தொட்டியில் நீரைச் சேர்த்து, அங்கிருந்து மேலேற்றுவதே முறையாகும்.

ரப்பர் குழாயை நீரில் மூழ்க விடாதீர்கள். வாளி, மாட்டுத் தொட்டி, பூச்சிமருந்து தெளிப்பான் ஆகியவற்றை நிரப்பும்போது குழாய் முனை மேலே இருக்கட்டும். பூச்சிமருந்து கலந்த நீர் குழாய்க்குள் சென்றால், அதைக் கொதிக்க வைப்பதால் பயனில்லை.

கழிப்பறைக் கைத்தெளிப்பானை அதன் கொக்கியில் மாட்டி வையுங்கள். வாளிக்குள்ளோ கழிப்பறைக் கோப்பைக்குள்ளோ தொங்கவிடாதீர்கள்.

சுத்திகரிப்புக் கருவி, சலவை இயந்திரம் ஆகியவற்றின் கழிவுக் குழாயைச் சாக்கடைக்குள் செருகாமல், இடைவெளியுடன் மேலே நிறுத்துங்கள்.

ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் குடிநீரையும் ஒரே குழாயில் இணைக்காதீர்கள். வால்வைத் திருப்பி மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் பாதுகாப்பானதன்று.

ஒருவழி வால்வு உதவும். எனினும், மணலும் துருவும் அடைத்தால் அது சரியாக மூடாது. எனவே அதைக் காற்று இடைவெளிக்கு மாற்றாகக் கருதாமல், குழாய்த் தொழிலாளரைக் கொண்டு குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நோயாளி உள்ள வீட்டில் கூடுதல் கவனம்

கர்ப்பிணிகள்: மாசடைந்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் இ, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உயிருக்கு ஆபத்தாகலாம். கொதித்து ஆறிய நீரையே அருந்த வேண்டும். தாய்க்கு மஞ்சள்காமாலை தோன்றினால் நாட்டு மருந்தில் காலம் கடத்தாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கைக்குழந்தைகள்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் தேவையில்லை. புட்டிப்பால் தவிர்க்க இயலாத நிலையில், கொதிக்க வைத்த நீரையே பயன்படுத்துங்கள்.

டயாலிசிஸ் நோயாளிகள்: ஒருமுறை குருதிச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வுக்கு மறுபுறம் குருதியின் அருகே கடந்து செல்கிறது. எனவே வீட்டிலோ மையத்திலோ நீரின் நிறம் அல்லது மணம் மாறினால், சிகிச்சை தொடங்குமுன் பணியாளரிடம் தெரிவியுங்கள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள், கை கழுவும் நீரில் ஐயம் இருப்பின் கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்தலாம்.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், குழாய் வழி உணவு பெறுபவர்கள்: உணவு கரைக்கவும், மாத்திரை விழுங்கவும், பல் துலக்கவும் கொதித்து ஆறிய நீரே தேவை.

நீர் மாசடைந்ததாக ஐயம் ஏற்பட்டால்

நிறம், நாற்றம், நுரை, கலங்கல் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். ஆனால் தெளிந்த நீரிலும் கிருமிகள் இருக்கலாம். ஒரே தெருவில் பல வீடுகளில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், முதலில் நீரை ஐயுறுங்கள்.

1. அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள். மோட்டாரை நிறுத்துங்கள், மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றாதீர்கள்.
2. கிருமி மாசு எனில், நீர் தளதளவெனக் கொதித்த பின் ஒரு நிமிடம் வைத்திருந்து, மூடி ஆறவிடுங்கள். உதகை, கொடைக்கானல் போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதிகளில் மூன்று நிமிடம் தேவை.
3. மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, அமில நெடி இருப்பின் கொதிக்க வைக்க வேண்டாம். வேறு இடத்து நீரைப் பயன்படுத்துங்கள்.
4. உள்ளாட்சி அலுவலகத்திற்கும் சுகாதார ஆய்வாளருக்கும் உடனே தெரிவியுங்கள். அவர் எஞ்சிய குளோரினைச் சோதித்து, நீர் மாதிரி எடுப்பார். எந்நாள், எந்நேரம் மாற்றத்தைக் கண்டீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.
5. கீழ்நிலை, மேல்நிலைத் தொட்டிகளைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, சுகாதார ஆய்வாளர் கூறும் அளவில் பிளீச்சிங் பவுடர் இட்ட பின்னரே மீண்டும் நிரப்புங்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

வயிற்றுப்போக்கு தொடங்கியவுடன் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள். உறையில் குறிப்பிட்டுள்ள அளவு தூய நீரில் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள். கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று இருப்பினும் தாமதிக்காதீர்கள்:

- அரிசி கழுவிய நீர் போன்ற வயிற்றுப்போக்கு
- மலத்தில் இரத்தம்
- நிற்காத வாந்தி
- ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழியாமை
- குழந்தைக்குக் கண் குழிதல், சோர்ந்து கிடத்தல், பால் குடிக்க மறுத்தல்
- மூன்று நாள்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல்
- கண்ணிலோ சிறுநீரிலோ மஞ்சள் நிறம்

காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள்களுக்குள் வெளிப்படும். டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை ஆகலாம். ஹெபடைடிஸ் இ வெளிப்பட இரண்டு முதல் பத்து வாரங்கள் ஆகலாம். எனவே குழாய் சீரான பின்னரும் காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ தோன்றினால், முன்பு நீர் கலங்கி வந்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். நோயைக் கண்டறிய அத்தகவல் பெரிதும் உதவும். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

நினைவில் கொள்க

விநியோகம் தொடங்கியதும் வரும் முதல் நீரைக் குடிக்கப் பிடிக்காமல், தெளிந்த பின் பிடியுங்கள். அந்த முதல் நீரைச் செடிக்கோ தரை கழுவவோ பயன்படுத்தலாம். குழாய்க்கும் பாத்திரத்திற்கும் இடையே இடைவெளி இருக்கட்டும். உங்கள் வீட்டு இணைப்பு முறையாக இருந்தால், தெரு முழுவதும் உள்ள குடும்பங்களும் அதனால் பாதுகாப்புப் பெறுகின்றன.