லைன் கிளியர்

மின்வாரிய ஊழியர்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் 'எல்.சி.' என்ற சொல் காதில் விழும். "எல்.சி. வாங்கியாச்சா?" "எல்.சி. ரிட்டர்ன் குடுத்துட்டீங்களா?" லைன் கிளியர் என்பதன் சுருக்கம் அது. கம்பத்தில் ஏறுவதற்கு முன், துணைமின் நிலையத்தில் அந்த ஃபீடரை நிறுத்தச் சொல்லி, "நிறுத்தியாச்சு, ஏறலாம்" என்று பெறும் அனுமதி. ரயில்வேயில் இதே சொல் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே புழங்குகிறது. மின்சாரத்துக்கு அது அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சொல் வந்தது சரி. சொல்லோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய இன்னொன்று வழியிலேயே தங்கிவிட்டது.

திண்டுக்கல்லில் இருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு 1928இல் ரயில் பாதை திறந்தார்கள். மீட்டர் கேஜ், ஒற்றைத் தடம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் ரயில்வேயின் மிகப் பழைய பயம். அந்தப் பயத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து ஓர் இரும்புப் பந்து. நம் நாட்டின் ஒற்றைத் தடங்களில் பரவலாக இருந்தது நீல்ஸ் பால் டோக்கன் என்ற கருவி. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொன்று இருக்கும், இரண்டையும் மின்கம்பி இணைக்கும். அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்தால்தான் இந்தப் பக்கம் ஒரு பந்து வெளியே வரும். ஒன்று வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை, இரண்டு பக்கமும் இன்னொரு பந்தை எடுக்கவே முடியாது. அந்தப் பந்தைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். நிற்காத வண்டியாக இருந்தால் எஞ்சினிலிருந்து கையை வெளியே விட்டு வளையத்தைப் பிடிக்க வேண்டும். பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார்.

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இது மியூடெக்ஸ் என்று இந்நேரம் புரிந்திருக்கும். 1960களில் டைக்ஸ்ட்ரா தன் கருவிக்கு 'செமஃபோர்' என்று பெயர் வைத்தபோது ரயில்வே கைகாட்டியிடம்தான் கடன் வாங்கினார். நாங்கள் டேட்டாபேஸில் ஒரு வரிசையைப் பூட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் சிரத்தையில் பாதிகூட, மனிதர் ஏறும் கம்பத்துக்கு நாம் எடுத்துக்கொள்வதில்லை.

பந்து வருவதற்கு முன் என்ன இருந்தது? பேச்சு இருந்தது. தந்தி இருந்தது. 1874 செப்டம்பர் 10ஆம் தேதி இரவு இங்கிலாந்தில் நாரிச் நகரை ஒட்டிய தார்ப் என்ற இடத்தில் ஒற்றைத் தடத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. 25 பேர் இறந்தார்கள். காரணம் ஒரு தந்தி. எதிரே நிற்கும் வண்டியை அனுப்பச் சொல்லி அதிகாரி கொடுத்த உத்தரவில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தந்திக்காரர் அதை அனுப்பிவிட்டார். திருப்பி அழைக்க முயன்றபோது வண்டி கிளம்பிவிட்டது. இதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1878இல், எட்வர்ட் டையர் தன் டேப்லெட் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர்ப் பந்துக் கருவியும் அதே யோசனையின் வாரிசுதான். சொல்லை நம்பாதே, பொருளைக் கையில் கொடு.

பொருளும் முழுக் காப்பு இல்லை. 1921 ஜனவரி 26இல் வேல்ஸில் ஏபர்மூல் ஸ்டேஷனில், வந்த வண்டி கொண்டுவந்த டேப்லெட்டையே தவறுதலாக அதே வண்டியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கை மாறி மாறிப் போன அந்த வில்லையில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை ஒருவரும் படிக்கவில்லை, டிரைவர் உட்பட. 17 பேர் இறந்தார்கள்.

இனி கம்பத்துக்கு வருவோம். பைகாரா மின்சாரம் 1932இல் வந்தது, மின்வாரியம் 1957இல் உருவானது. பழனியைச் சுற்றிய கிணறுகளில் மோட்டார் ஓட ஆரம்பித்து, மேட்டுக்காடு எல்லாம் கம்பம் நட்டாயிற்று. லைனைத் தொடுவதற்கு முன் எர்த் செய்ய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. ஆனால் எல்.சி. என்பது நடைமுறையில் பெரும்பாலும் ஒரு ஃபோன் அழைப்பும் ஒரு பதிவேடும். "நிறுத்தியாச்சு சார்." "சரிங்க." இது தார்ப் தந்தியின் உறவுமுறை. எந்த ஃபீடர் என்று ஒருவர் தப்பாகக் கேட்டிருக்கலாம். ஷிஃப்ட் மாறியிருக்கலாம். கீழே நிற்பவர் "முடிஞ்சது" என்று சொன்னது வேறொரு கம்பத்தைப் பற்றியதாக இருக்கலாம்.

பழனிக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊர் முழுக்க லாட்ஜ், கல்யாண மண்டபம். கரண்ட் போன மறு நிமிடம் ஜெனரேட்டர் உறுமும். மாற்றுச் சுவிட்ச் ஒழுங்காக இல்லாத ஒரே ஒரு கட்டடம் போதும், அந்த மின்சாரம் லைனில் பின்னோக்கி ஏறி, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உயர் அழுத்தமாகவே மாறி, கம்பத்தில் இருப்பவரிடம் வந்து சேரும். துணைமின் நிலையத்தில் எவ்வளவு நேர்மையாக நிறுத்தியிருந்தாலும் பயனில்லை. வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் எர்த் ராடு மாட்டுவது மட்டும்தான் அப்போது காப்பாற்றும். ராடு மாட்டக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்துக்குள் பத்து ஃபோன் வந்துவிடும்.

தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கப்பட்டது 1966 மார்ச் 4. அந்த நாளை ஒட்டி ஆண்டுதோறும் அலுவலகங்களில் உறுதிமொழி எடுப்பார்கள், பேனர் கட்டுவார்கள். நான் அதைக் கேலி செய்யவில்லை, கையுறை போடச் சொல்வது நல்லதுதான். ஆனால் பேனர் பேசுவதெல்லாம் கம்பத்தில் ஏறுகிறவரிடம். கவனமாக இரு, கவனமாக இரு. பந்து எவரிடமும் கவனத்தைக் கெஞ்சவில்லை, பூட்டிக்கொண்டு நின்றது. அமெரிக்காவில் 1989இல் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள்: இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர் அதன் மின் இணைப்பைத் துண்டித்துத் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும், சாவி அவர் பாக்கெட்டில்.

பந்தைத் தந்த ரயில்வேயும் தன் ஆட்களை விட்டுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அனில் ககோட்கர் குழு 2012இல் அறிக்கை கொடுத்தது. ஐந்தாண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வேலையின்போது இறந்த ரயில்வே ஊழியர்கள் சுமார் 1,600 பேர். அதே காலத்தில் ரயில் விபத்துகளில் இறந்த பயணிகளைவிட அதிகம். ரயில் மோதினால் தலைப்புச் செய்தி. தண்டவாளத்தில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்த கேங்மேன் ஒருவர் அடிபட்டால் மாவட்டப் பக்கத்தில் மூன்று வரி.

மலைமேல் வேறு கதை நடக்கிறது. பழனி ரோப்காரை மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்கென்று நிறுத்துகிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறை வாரக்கணக்கில். வின்ச்சுக்கும் நிறுத்தம் உண்டு. எங்கிருந்தோ வந்த பக்தர் முணுமுணுப்பார், "முருகா" என்று படியேறிவிடுவார். அதே பக்தர் கீழே லாட்ஜில் கரண்ட் அரை மணி தாமதமானால் ஏ.இ. நம்பரைக் கேட்டு வாங்குகிறார். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். ரோப்காரில் தொங்கப் போவது தான், கம்பத்தில் தொங்குவது யாரோ.

எனக்குத் தெரிந்த ஒரு லைன்மேன், ஓய்வு பெற்று நாளாகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்கித் தன் காக்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் கம்பத்துக்குப் போவார். எவர் ஃபோன் பண்ணினாலும், எவர் அவசரப்பட்டாலும், அவர் இறங்கி வந்து பையைத் திறக்கும்வரை அந்த லைனில் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கரண்ட் வர முடியாது. விதியில் இருக்கிறதா என்று கேட்டேன். "விதி இருக்கட்டும் தம்பி, கட்டை எங்கிட்ட இருக்குல்ல" என்றார்.