நூறு மீட்டரைத் தின்ற நாலு சென்டிமீட்டர்

1984 ஜூலை 20, கிழக்கு பெர்லின். உவே ஹோன் எறிந்த ஈட்டி 104.80 மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. இப்படியே போனால் மைதானம் பத்தாது என்ற பயம் ஒருபக்கம். ஈட்டி முனை குத்தாமல் படுக்கையாக இறங்கினால் செல்லுமா, செல்லாதா என்ற தகராறு மறுபக்கம்.

1986-ல் ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினார்கள். எடை அதே 800 கிராம்தான். ஆனால் காற்று தூக்கும் புள்ளி இப்போது எடை மையத்துக்குப் பின்னால் விழுகிறது. வால் மேலே போக, மூக்கு சீக்கிரம் கவிழும். மிதப்பது குறையும். அவ்வளவுதான் விஷயம்!

புதிய ஈட்டியின் உச்சம் யான் ஜெலஸ்னியின் 98.48 மீட்டர் (1996).

எனக்கு ஹோனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அந்த வருஷ ஒலிம்பிக்ஸை அவர் நாடு புறக்கணித்தது. அவர் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை; விதிதான் ஓரங்கட்டியது. பின்னாளில் நீரஜ் சோப்ராவுக்குப் பயிற்சி கொடுத்தாரே, அதே ஹோன்தான்.