அம்மா சொன்ன மீதிக் கதை: ஹன்னா கேட்ஸ்பியின் `நனெட்' ஷோவில் அப்படி என்ன இருக்கு?

2018 ஜூனில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான `நனெட்', லிஸ்ட்டில் ஸ்டாண்ட்-அப் காமெடி என்றுதான் இருக்கும். நம்பிப் போய் உட்கார்ந்தால், முதல் பாதியில் நன்றாகவே சிரிக்கலாம். அதுக்கப்புறம் சிரிக்கிறதா, சும்மா இருக்கிறதான்னு தெரியாம முழிப்பீங்க. மொத்தம் 69 நிமிடம், மேடையில் ஒரே ஒரு ஆள், அவர் கையில் ஒரு மைக்.

அந்த ஆள் ஹன்னா கேட்ஸ்பி. 1978-ல் பிறந்தவர். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா தீவில், ஸ்மித்டன் என்ற குட்டி ஊர்தான் சொந்த ஊர். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி, அப்பா கணக்கு வாத்தியார். கல்லூரியில் ஹன்னா படித்தது கலை வரலாறு. அதனால்தான் ஷோ நடுவில் திடீரென்று வான்கோவும் பிக்காஸோவும் வருகிறார்கள், பிக்காஸோ நன்றாக அடி வாங்குகிறார்.

ஹன்னா இப்போது தன்னை ஆண், பெண் என்ற இரண்டு பெட்டியிலும் வைத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இதற்கு எந்தப் பெயர்ச்சொல்லைப் போடுவது என்று தடுமாறுவார்கள். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை, `அவர்' இருக்கிறது!

ஷோவைப் புரிந்துகொள்ள அந்தத் தீவின் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாஸ்மேனியாவில் ஆணும் ஆணும் உறவுகொள்வது 1997 வரை கிரிமினல் குற்றம். 21 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமிருந்தது. ஆஸ்திரேலியாவில் இந்தச் சட்டத்தைக் கடைசியாகக் கைவிட்ட மாநிலம் அதுதான். 1994-ல் ஐ.நா மனித உரிமைக் குழுவே இது தப்பு என்று சொன்ன பிறகும், மூன்று வருஷம் இழுத்தடித்தார்கள். சட்டம் பெண்களைக் குறிவைக்கவில்லை. ஆனால், அதையொட்டி நடந்த சண்டை பேப்பரிலும் டி.வி-யிலும் தெருவிலும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. அது முடிந்தபோது ஹன்னாவுக்கு வயது 19. அதாவது, தனக்குப் பெண்களைப் பிடிக்கிறது என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும் வயசு முழுக்க, `இப்படிப்பட்டவங்க கேடுகெட்டவங்க' என்கிற பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

பேசியது யார் என்பதில்தான் சிக்கலே. முகம் தெரியாத எதிரிகள் இல்லை. தன்னை வளர்த்தவர்கள், தன்மேல் அன்பு காட்டியவர்கள், தான் நம்பியவர்கள், இவர்களில் 70 சதவிகிதம் பேர் அப்படித்தான் நினைத்தார்கள் என்று மேடையில் சொல்கிறார் ஹன்னா. வீட்டை விட்டுத் துரத்தினார்கள், அடித்தார்கள் என்றால் கோபப்படலாம், ஓடிப்போகலாம். சோறு போட்டுக் கொஞ்சுகிறவர்களே அப்படி நினைத்தால் யார் மேல கோபப்படறது? அந்த வெறுப்பு அப்படியே உள்ளே திரும்பிவிடுகிறது. தன்னைத் தானே வெறுக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார்.

இங்கிருந்து காமெடியின் மெக்கானிசத்துக்குள் போகிறார், ஷோவின் மூளை இருப்பது இங்கேதான். ஒரு ஜோக்குக்கு இரண்டு பாகம் போதும். முதலில் ஒரு டென்ஷனை ஏற்ற வேண்டும், அடுத்து பஞ்ச் அடித்து அதை இறக்க வேண்டும். கதைக்கு மூன்று பாகம் வேண்டும்: ஆரம்பம், நடு, முடிவு. ஆக, வாழ்க்கையில் நடந்ததை ஜோக்காக்கும்போது முடிவை வெட்டிவிடுகிறோம். அதையே வருஷக்கணக்கில் மேடையில் சொல்லிச் சொல்லி, தன் ஞாபகமும் பஞ்ச்சிலேயே உறைந்து நின்றுவிட்டது என்கிறார்.

அம்மா விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். தான் லெஸ்பியன் என்று அம்மாவிடம் சொன்னபோது, `நான் கொலைகாரின்னு உன்கிட்ட வந்து சொன்னா உனக்கு எப்படி இருக்கும்' என்கிற ரேஞ்சில் பதில் வந்ததை ஹன்னா ஜோக்காக்கிச் சொல்வார். அரங்கம் சிரிக்கும், அத்தோடு கதை முடிந்துவிடும். ஆனால் நிஜத்தில் முடியவில்லை. பல வருஷம் கழித்து அம்மா தானாகவே பேசியிருக்கிறார். உன்னையும் எல்லாரையும் போல ஆணை விரும்பும் பெண்ணாகவே நினைத்து வளர்த்ததுதான் என் வருத்தம் என்றிருக்கிறார். உன் வாழ்க்கை கஷ்டமாக இருக்கும் என்று உனக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும், உலகம் மாறாது என்பதால்தான் நீ மாறணும்னு ஆசைப்பட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். இது எந்த ஜோக்கிலும் அடங்காது. என் கதையில் அம்மா எப்படி ஹீரோ ஆனாங்க என்று ஹன்னாவே ஆச்சர்யப்படுகிறார். பதிலையும் அவரே சொல்கிறார்: அம்மா வளர்ந்துட்டாங்க, நான்தான் பழைய ஜோக்கிலேயே நின்னுட்டேன்.

பாட்டி கதை இன்னும் சின்னது, ஆனால் எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. பேரப்பிள்ளைக்கு பாய்ஃபிரெண்ட் உண்டா என்று பாட்டி விசாரிக்கிறார். பாட்டிகிட்ட மட்டும் சொல்லவே மறந்துட்டோமேன்னு அப்பத்தான் உறைச்சுதாம். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஷோவின் பின்பகுதியில் அதே விஷயத்துக்குத் திரும்பி வருகிறார். மறக்கவெல்லாம் இல்லை, வெட்கம்தான் காரணம் என்கிறார். பாட்டி விரட்டிவிடுவார் என்ற பயம் அவருக்கு இல்லை. தப்பு எதுவும் செய்யவில்லை என்று மூளைக்குத் தெரிந்தும், சின்ன வயதில் ஊறிய அவமானம் போகவில்லை. அன்பான குடும்பம் இருந்தா போதும், எல்லாம் சரியாயிடும் என்று நாம் சுலபமாகச் சொல்வோம் இல்லையா, அதில் விழுந்த ஓட்டை இது.

பஸ் ஸ்டாப்பில் ஒருவன் ஹன்னாவை ஆண் என்று நினைத்துச் சண்டைக்கு வந்த கதைக்கும் இதேபோல ஒரு மீதி உண்டு. அதை இங்கே சொன்னால் ஷோ கெட்டுவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: அடி, பாலியல் வன்முறை பற்றியெல்லாம் நேரடியாகப் பேசுகிறார். மனசு சரியில்லாத நாளில், தனியாக, ராத்திரியில் போட வேண்டாம்.

`நனெட்' என்ற பெயருக்கும் ஷோவுக்கும் சம்பந்தமில்லை. சின்ன ஊர் காபிக் கடை ஒன்றில் பார்த்த பெண்ணின் பெயராம். அவரை வைத்து ஒரு மணி நேரம் காமெடி பண்ணிடலாம்னு நினைச்சாராம், தேறலையாம். 2017-ல் மெல்போர்ன் காமெடி விழாவின் விருதும், எடின்பரோவில் இன்னொருவரோடு பகிர்ந்த விருதும் கிடைத்தன. 2019-ல் எழுத்துக்காக எம்மி விருது. `காமெடியை விடப்போறேன்' என்று அறிவித்த ஷோதான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கடைசியில் விடவும் இல்லை.

சரி, இப்படி மேடையேறிய தமிழ்ப் பிள்ளை யாராவது உண்டா என்றால், டி'லோ இருக்கிறார். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, கலிஃபோர்னியாவின் லான்காஸ்டரில் வளர்ந்த திருநர் கலைஞர். தன் வாழ்க்கையை வைத்துப் பல தனிநபர் ஷோக்கள் எழுதி நடித்திருக்கிறார். மேடையில் அவரே தன் அம்மாவாகவும் மாறிப் பேசுவார்.

`நனெட்' பிடித்திருந்தால் வரிசையாக இன்னும் இரண்டு இருக்கின்றன. 2020-ல் வந்த `டக்ளஸ்' ஹன்னாவின் ஆட்டிசம் பற்றியது, தலைப்பு அவருடைய நாயின் பெயர். 2023-ல் வந்த `சம்திங் ஸ்பெஷல்' முழுக்க அவருடைய கல்யாணக் கதை. தயாரிப்பாளர் ஜென்னி ஷமாஷைக் காதலித்துக் கைப்பிடித்ததைச் சொல்கிறார். இதில் யாரையும் அழவைக்கும் திட்டமே இல்லை. `நனெட்' பார்த்து மனசு கனத்துப்போனவர்கள் கையோடு இதைப் போட்டுவிடலாம்.