மருத்துவப் பிழையும் செவிலியரின் எழுதுகோலும்

ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி ஒருவர் இறந்தார். செய்தி கலீஃபா அல்-முக்ததிரை எட்டியதும், ஸினான் இப்னு ஸாபித் தேர்ந்து சான்றளிக்காத எவரும் மருத்துவம் செய்யலாகாது என ஆணை பிறந்தது. தேர்வுக்கு உட்பட்டோர் 860க்கும் மேற்பட்டோர் என இப்னு அபீ உஸைபிஆ பதிந்துள்ளார்.

இதனினும் நுட்பமானதொரு முறையை, முஹ்தஸிப்களுக்கு நூல் இயற்றிய அஷ்-ஷைஸரீ 12ஆம் நூற்றாண்டில் எடுத்துரைக்கிறார். (கிரேக்க மன்னர் காலத்து வழக்கமென்றே அவர் கூறுகிறார், பெருமையைத் தமதாக்கிக் கொள்ளவில்லை.) மருத்துவர் தாம் கண்டதையும் கொடுத்த மருந்தையும் நாள்தோறும் எழுதி நோயாளியின் உறவினரிடம் அளிப்பார். நோயாளி இறப்பின் உறவினர் அவ்வேடுகளைத் தலைமை மருத்துவரிடம் காட்டுவர். பிழை தெரிந்தால் சிகிச்சை செய்தவர் உயிரீடு செலுத்த வேண்டும்.

தமிழகத்தில் தாய் மரணங்களை ஆராயும் முறை 1994இல் தொடங்கியது. எங்கு நிகழ்ந்த மரணமாயினும் அறிவிக்கப்பட வேண்டுமென 2004இல் ஆணையிடப்பட்டது. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நடைபெறும் ஆய்வில் இறந்தவரின் குடும்பத்தாரும் பேசுகின்றனர். ஷைஸரீயின் ஏடு நினைவுக்கு வராமற் போகாது. ஆயினும் நோக்கம் வேறு: இது தண்டிப்பதற்கன்று, அடுத்த உயிரைக் காப்பதற்கே என்பது விதி. லட்சம் பிறப்புக்கு 2001-03இல் 134 ஆக இருந்த தாய் மரணம் 2018-20இல் 54 ஆகக் குறைந்ததில் இம்முறைக்கும் பங்குண்டு.

விதி அவ்வாறிருப்பினும், எழுதுபவர் நிலை எளிதன்று. புதுக்கோட்டை மாவட்டத்தின் கறம்பக்குடியிலோ மணமேல்குடியிலோ ஒரு தாய் இறந்தால் அறிவிக்க வேண்டியவர் கிராம சுகாதார செவிலியர். அந்தக் கர்ப்பிணியைப் பதிவு செய்தவரும் அவரே. இம்மண்ணில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலமைந்த மகப்பேறு நிதியுதவிக்கு வழி செய்தவரும் அவரே. இரத்தச் சோகையைக் கண்டீரா, இரத்த அழுத்தம் பார்த்தீரா என்ற முதற்கேள்வியும் அவரை நோக்கியே எழும். சாட்சியும் விசாரிக்கப்படுபவரும் ஒருவரே!

ஆய்வுப் படிவம் மூன்று தாமதங்களைக் கேட்கிறது: வீட்டில் முடிவெடுப்பதில், வழியில், மருத்துவமனைக்குள். முதலிரண்டையும் எழுதச் செவிலியரின் கை தயங்குவதில்லை. மூன்றாவதைக் கண்டவர் இரவுப் பணிச் செவிலியர். அவர் எழுத வேண்டியதோ, மறுநாள் காலையில் தமக்கு ஆணையிடப்போகும் மருத்துவரைப் பற்றியது.