மரத்தில் எழுத்தும் எழுத்தில் புள்ளியும்

துளையிடுவதும் ஒருவகை எழுத்தே என்பதை நம் செய்யார், ஆரணி வட்டாரத்து மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பட்டுத்தறியின் தலைமேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டியையும், அதில் கோத்துத் தொங்கவிட்ட அட்டைகளையும் அறியாதார் இங்கு அரியர். அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலெழும். துளையில்லாத இடத்தில் எழாது தங்கும். எழுவதும் தங்குவதும் கூடியே சேலைக் கரையில் மயிலாகவும் மாங்காயாகவும் வடிவு கொள்கின்றன. பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1804ஆம் ஆண்டளவில் ஜோசப் மரீ ஜக்கார்டு அமைத்த முறை இது.

அட்டையில் நெசவுத் தொழிலாளர் செய்வதைப் பலகையில் செய்யும் கைவேலை ஒன்றுண்டு. வில்போல் வளைந்த இரும்புச் சட்டம்; அதன் இரு முனைகளுக்கிடையே இழுத்துப் பூட்டிய, தீக்குச்சியினும் மெல்லிய அலகு. இதனைக் கடைகளில் ஃப்ரெட் ரம்பம் என்பர். இதே அலகை மேசைமேல் நிறுத்தி மின்விசையால் இயக்கும் பொறிக்கு ஸ்க்ரோல் ரம்பம் என்று பெயர். இக்கருவி கொண்டு பலகையில் கொடியும் பூவும் அறுப்பது உலகெங்கும் பலருக்கு ஓய்வுநேரப் பயிற்சியாக விளங்குகிறது. நம் வீடுகளின் கூடத்துச் சுவர்களிலும் இன்று பலகையில் அறுத்த பிஸ்மில்லாஹ்வும் கலிமாவும் காணப்படுகின்றன. எனவே இக்கலையின் வரலாற்றையும், அதில் நம்மவர் கருத்திற்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றையும் ஈண்டு ஆராய்வோம்.

மெல்லிய ரம்பம் தோன்றுமுன்னரே மரத்தைப் பின்னலாக்கும் கலை இஸ்லாமிய நாடுகளில் உயர்நிலை எய்தியிருந்தது. துனீசியாவின் கைரவான் நகரப் பெரிய பள்ளிவாசலில் உள்ள மிம்பர் இதற்குச் சான்று. அக்லபிய அமீர்களின் ஆட்சியில் கி.பி. 862ஆம் ஆண்டளவில் அமைந்த இதுவே, எஞ்சியுள்ள மிம்பர்களுள் மிகப் பழைமையானது. செதுக்கிய தேக்குத் துண்டுகள் முந்நூறுக்கு மேற்பட்டவை இதில் இணைந்துள்ளன. அத்தேக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றதென்பது வரலாற்றாசிரியர் கூற்று. நம் நாட்டு மரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டுப் பள்ளியில் நிலைத்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

மெல்லிய ரம்பத்தின் முழு ஆற்றலை ஐரோப்பாவுக்குக் காட்டியவர்களுள் தலையாயவர், பதினான்காம் லூயி மன்னரின் தச்சராக விளங்கிய ஆந்த்ரே சார்ல் பூல் (1642–1732) ஆவார். ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே சித்திரத்தை அறுப்பது அவர்தம் முறை. ஒன்றிலிருந்து விழுந்த துண்டு மற்றொன்றின் துளையில் பிசகின்றிப் பொருந்தும். ஓர் அறுப்பில் இரு சித்திரங்கள் கிடைத்தன; கழிவென்று ஒதுக்க ஏதும் மிஞ்சவில்லை.

அரசமாளிகைக்குரிய இக்கலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எளியோர் இல்லங்களுக்கும் வந்தது. தையல் இயந்திரம்போல் காலால் மிதித்து இயக்கும் ரம்பங்கள் மேலைநாடுகளில் பரவின. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள டெரம் என்னும் ஊரைச் சார்ந்து, 1895இல் ‘ஹாபீஸ்’ என்னும் வார இதழே இதற்காகத் தொடங்கிற்று. அதனுடன் வந்த சித்திரத்தாளைப் பலகையில் ஒட்டி, படச்சட்டமும் கடிகாரக் கூடும் அறுத்தவர் பல்லாயிரவர். பின்னர்த் தளர்ந்திருந்த இவ்வார்வம், அலகு எளிதில் ஒடியாத ஹெக்னர் என்னும் ஜெர்மானியப் பொறி 1970களில் வந்தபின் மீண்டும் தளிர்த்தது.

இந்தியாவில் இக்கருவி பொழுதுபோக்காகவன்றி வாழ்வாதாரமாகவே வேரூன்றியது. மைசூரில் ஈட்டிமரப் பலகையில் வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்துச் சித்திரமாக்கும் தொழிலில் முஸ்லிம் குடும்பங்கள் பல ஈடுபட்டு வந்துள்ளன. யானையின் துதிக்கை வளைவையும் தென்னங்கீற்றின் பிளவையும் இம்மெல்லிய அலகால் அறுத்தெடுத்து, பலகையில் அகழ்ந்த பள்ளத்தில் பசையிட்டுப் பதிப்பர். முன்பு தந்தமும் பதிக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடைசெய்தபின் நிறமரங்களும் பிளாஸ்டிக்கும் அவ்விடத்தைப் பெற்றன. உத்தரப்பிரதேசத்துச் சஹாரன்பூரிலும் சீஷம் மரத்தில் பின்னல் வேலை செய்வோருள் முஸ்லிம்களே பெரும்பாலோர்.

கைத்தொழில் அறிவையும் வளர்க்கும் என்று நம் நாட்டில் வாதிட்ட பெரியோருள் டாக்டர் ஜாகிர் உசேன் முதல்வரிசையில் நிற்பவர். 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டையடுத்து அவர் தலைமையில் அமைந்த குழு, பாடங்களை ஒரு கைத்தொழிலோடு பிணைத்துக் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. நூற்பு, நெசவு, உழவு ஆகியவற்றோடு தச்சும் அதில் இடம்பெற்றது. மரம் கற்பிக்கும் பாடம் எத்தகையது என்பதற்கு ஃப்ரெட் ரம்பம் நல்ல எடுத்துக்காட்டாகும்.

செய்முறையைச் சுருங்கக் காண்போம். மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் பலகையில் சித்திரத்தாளை ஒட்ட வேண்டும். நீக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் சிறு துளையிட்டு, அலகை ஒரு முனையில் கழற்றித் துளையினூடே நுழைத்து, மீண்டும் இழுத்துப் பூட்ட வேண்டும். நூறு துளையெனில் நூறு முறை கழற்றல். நூறு முறை பூட்டல். கைரம்பமாயின் அலகின் பல் கீழ்நோக்கியிருத்தல் வேண்டும். வளைவு வரும்போது ரம்பத்தைத் திருப்பாது பலகையையே திருப்புவது முறை. உட்புறத்தை முதலிலும் வெளிவிளிம்பை இறுதியிலும் அறுக்க வேண்டும். வெளிவிளிம்பு முன்னரே பிரிந்துவிட்டால் பிடித்து அறுக்க இடமிராது. பின்னர் உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் மேலான விதி ஒன்றுண்டு. எஞ்சியிருக்க வேண்டியவை யாவும் ஒன்றோடொன்று தொடர்புற்றிருத்தல் வேண்டும். தொடர்பற்றது கீழே விழும். பூவும் கொடியும் அறுப்போர்க்கு இவ்விதியால் பெரிய தொல்லையில்லை. எழுத்தை அறுப்போர்க்கோ இதுவே பெருஞ்சோதனை. ‘செய்யார்’ என்று நம் ஊரின் பெயரை அறுத்துப் பாருங்கள்: யகர மெய்யின் புள்ளியும் ரகர மெய்யின் புள்ளியும் முதலில் உதிரும். அரபியிலோ இருபத்தெட்டு எழுத்துகளுள் பதினைந்து புள்ளியுடையவை. பிஸ்மில்லாஹ்வை முழுமையாக எழுதினால் ‘பா’வுக்கு ஒன்று, ‘நூன்’ எழுத்துக்கு ஒன்று, ‘யா’வுக்கு இரண்டு என நான்கு புள்ளிகள் வரும். கலிமா தய்யிபாவிலோ புள்ளியுள்ள எழுத்து ஒன்றேனும் இல்லை!

எழுதும் பொருள் புள்ளியை விழுங்குவது புதிதன்று. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளியை விதித்தது. ஆயினும் எழுத்தாணி ஊன்றினால் ஓலை கிழியுமென்று ஏடெழுதுவோர் அதனை இடாது விட்டனர். அரபியிலும் பழைய குர்ஆன் ஏடுகள் பல புள்ளியின்றியோ, மிக அருகிய புள்ளிகளுடனோ காணப்படுகின்றன. புள்ளி அறியப்படாமலும் இல்லை. ஹிஜ்ரி 22ஆம் ஆண்டில் எகிப்தில் எழுதப்பட்டு, இன்று வியன்னாவில் உள்ள பாப்பிரசு ஆவணத்தில் சில எழுத்துகள் புள்ளி பெற்றுள்ளன. அரபியல்லாதார் இஸ்லாத்தில் பெருகியபோது பிழையற ஓதுதற்கு அடையாளங்கள் இன்றியமையாதனவாயின. உயிரொலிகளை நிறப்புள்ளிகளால் குறித்த பெருமை ஹிஜ்ரி 69இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலி அவர்களுக்கு உரியதென மரபு கூறும். எழுத்துகளை வேறுபடுத்தும் புள்ளிகளை ஒழுங்குசெய்தவர் நஸ்ரு இப்னு ஆஸிம் என்பர். பக்தாதின் வஸீராகவும் எழுத்துக்கலை மேதையாகவும் விளங்கிய இப்னு முக்லா (886–940) எழுத்தின் உயரத்தையும் வளைவையும் அளக்கும் அளவுகோலாகவே புள்ளியைக் கொண்டார். தமிழொலிகளை அரபி எழுத்தில் அடக்க நம் முன்னோர் அரபுத்தமிழில் செய்ததும் புள்ளிகளைக் கூட்டியதே.

இத்துணை உழைப்பால் நிலைபெற்ற புள்ளியைப் பலகையில் அலட்சியம் செய்யலாமா? ‘ரஹீம்’ என்னும் திருப்பெயரை நோக்குங்கள். அதிலுள்ள ‘ஹா’வுக்குப் புள்ளியில்லை, அடுத்துள்ள ‘யா’வுக்குக் கீழே இரண்டு. புள்ளிகளை ஒட்டும்போது பிழையாக ஒன்று மிகையாய் ‘ஹா’வின்கீழ் அமர்ந்துவிட்டால், அவ்வெழுத்து ‘ஜீம்’ ஆகிவிடும். சொல் ‘ரஜீம்’ என்றாகும். அளவற்ற கருணையாளனைக் குறித்த சொல், விரட்டப்பட்ட ஷைத்தானைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. எழுத்து உதிராதிருக்க இடையில் விடும் மரப்பாலமும் ‘ஹா’வின் அடியில் அமைந்தால் புள்ளியெனத் தோற்றும். ஓதிப் பழகிய கண் அதனைக் கண்டு திடுக்கிடும். ஓதப் பழகும் பிள்ளையோ அதனையே சரியென நம்பும். தீங்கு அங்கேதான்.

ஆகவே நம் இளைஞர்க்குச் சொல்ல விழைவது இதுவே. அறுக்குமுன் சித்திரத்தாளை அரபி நன்கறிந்த ஒருவரிடம் காட்டிப் புள்ளிகளை எண்ணி உறுதிசெய்க. எழுத்துகளைப் பின்பலகையொன்றில் பதித்து, புள்ளிகளைப் பசையால் மட்டும் ஒட்டாது, சிறு மரமுளை செருகி நிறுத்துக. பசை நாளடைவில் விட்டுப்போகக்கூடும். திருப்பெயர் அச்சிட்ட தாளின் துண்டுகளைக் குப்பையோடு பெருக்காது தனியே எடுத்து வைக்க. கணிப்பொறி இயக்கும் லேசர்க் கதிர் இன்று நொடியில் பலகையை அறுக்கிறது. அதற்கும் புள்ளியின் பொருள் தெரியாது. அறிந்து கொடுக்க வேண்டியவர் மனிதரே.

கூலிக்கு அறுப்பவருக்கு நேரம் போதவில்லை என்னும் சமாதானமேனும் உண்டு. ஓய்வை இனிதாக்க அறுப்பவருக்கு அவசரம் ஏது? ஓய்வுநேரத்தில் அமர்ந்து, அலகைக் கழற்றிப் பூட்டிப் பொறுமையோடு அறுக்கும் பிள்ளை, எதை நீக்குவது எதை நிறுத்துவது என்பதை விரலால் கற்கிறான். அவன் அறுத்துச் சுவரில் மாட்டும் சொல், புள்ளி பிறழாத சொல்லாக இருக்கட்டும். அதற்குத் துணைநிற்பது ஓதக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடமையாகும்.